துருப்பிடிச்ச ரம்பம்... நேரா அறுக்குமா பாஸ்?

ஃபைனல் இயர் மெக்கானிக்கல் மக்களே, புராஜெக்ட்டுக்கு என்ன பிளான்? 'காசு கொடுத்தா மாடலும் செஞ்சு, ரிப்போர்ட்டையும் பைண்டிங் பண்ணிக் கையில கொடுத்துடறாங்களே'ன்னு நீங்க முணுமுணுக்கறது காதுல விழுது. அந்தக் காசோட பழைய இரும்புக் கடைப் பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. அங்கே ஒரு மூலையில, மழையில நனைஞ்சு துருவேறிப் போய் ஒரு பவர் ஹேக்சா கிடந்தா, உங்களுக்கு யோகம்தான்!

அதாங்க, காலேஜ் ஒர்க்‌ஷாப்ல 'கரக்... கரக்'னு தன்பாட்டுக்கு இரும்பை அறுத்துக்கிட்டு நிக்குமே, அந்த ரம்பம். மோட்டார் புல்லியைச் சுத்த, கிராங்க் அந்தச் சுழற்சியை முன்னும் பின்னுமா மாத்த, வில் மாதிரி இருக்கிற ஃப்ரேம்ல மாட்டின பிளேடு வெட்டும். பரீட்சைக்கு மாஞ்சு மாஞ்சு படம் போட்டீங்களே ஸ்லைடர் கிராங்க், அதே சமாச்சாரம். வேகமான பேண்ட்சா மெஷின்கள் வந்ததும் கோயம்புத்தூர் மாதிரி ஊர்களோட பட்டறைகள்ல பல பேர் இதை ஓரங்கட்டிட்டாங்க. அதனால எடைக்கு எடை போட்டே வாங்கிடலாம்.

வாங்கும்போது ஒண்ணே ஒண்ணுல மட்டும் உஷாரா இருங்க. வார்ப்பிரும்பு உடம்புல விரிசல் இருந்தா 'டாட்டா' காட்டிட்டு வந்துடுங்க, அதை வெல்டு வெச்சுச் சரிபண்றது பெரிய தலைவலி. மத்த எல்லாத்துக்கும் வைத்தியம் இருக்கு. கழற்றறதுக்கு முன்னாடி செல்போன்ல நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கங்க. இறுகிப்போன நட்டுகளுக்கு டீசல் விட்டு ஒரு ராத்திரி ஊற வைங்க. அப்புறம் வயர் பிரஷ், பனியன் வேஸ்ட், முழங்கை வரைக்கும் கறுப்பு. அம்மா திட்டுவாங்க, வாங்கிக்கங்க. நம்ம ஜி.டி.நாயுடு (1893-1974) கூட சின்ன வயசுல ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பிரிச்சுப் பிரிச்சுப் பூட்டித்தானே மெக்கானிசம் கத்துக்கிட்டார்!

இனிமேதான் மேட்டரே. நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு ரம்பத்தை வாங்கி, வீட்டு ஷெட்ல போட்டு, முதல் வேலையா என்ன பண்ணினோம் தெரியுமா? பளபளன்னு பச்சை பெயின்ட் அடிச்சோம். அப்புறம் பந்தாவா 40 எம்.எம். ராடு ஒண்ணைப் பூட்டி, 5 எம்.எம். கனத்துக்கு ஒரு வில்லை அறுத்தோம். மேல் விளிம்புல 5 எம்.எம்., கீழ் விளிம்புல 7! பக்கத்துத் தெரு லேத் பட்டறை அண்ணன் வந்து பார்த்துட்டுச் சிரிச்சார். "ஏந் தம்பி, பவுடர் போட்டா காய்ச்சல் போயிடுமாங்க?"

அவர் சொல்லிக் கொடுத்த வைத்தியத்துக்கு வெர்னியரும் மூலைமட்டமும் இருந்தா போதும். அறுத்த வில்லையைச் சுத்தி நாலு இடத்துல கனம் பாருங்க. பிளேடு ஓடுற திசையில இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் வித்தியாசம் வந்தா, குற்றவாளி வைஸ். அதோட நிலைத்தாடை பிளேடுக்குச் செங்குத்தா இல்லைன்னு அர்த்தம். போல்டைத் தளர்த்தி, மூலைமட்டத்தை வெச்சு நேராக்கிடலாம்.

மேலேயும் கீழேயும் வித்தியாசம் வந்தா, அதான் எங்க கேஸ், பிளேடையும் ஃப்ரேமையும் சந்தேகப்படணும். பிளேடு தொய்வா இருந்தாலும் இழுத்துக்கிட்டுப் போகும், ஒரு பக்கத்துப் பல்லு மட்டும் மழுங்கியிருந்தாலும் போகும். ரெண்டும் சரின்னா ஃப்ரேம் சறுக்குற பாதையைக் கையால ஆட்டிப் பாருங்க. எங்களோடது பல்லாங்குழி சோழி மாதிரி குலுங்குச்சு! அந்தச் சந்தை நெருக்கத்தான் பக்கத்துல ஒரு பட்டையும் வரிசையா திருகுகளும் வெச்சிருக்காங்க. அதைக் கொஞ்சம் கொஞ்சமா முடுக்கணும். ஆட்டமும் இருக்கக் கூடாது, சறுக்கறப்போ பிடிக்கவும் கூடாது. கிராங்க்ல தேஞ்சுபோன கன்மெட்டல் புஷ்ஷைக் கடைஞ்சு மாத்தினோம். இந்த ரெண்டு வேலைக்கே எங்களுக்கு மூணு ஞாயித்துக்கிழமை காலி.

வேகத்துலயும் ஒரு வில்லங்கம் இருந்துச்சு. மோட்டார் 1440 ஆர்.பி.எம்., பெரிய புல்லி 400 எம்.எம்., அதுக்கப்புறம் கியர்ல வேகம் பாதியாகும். மோட்டார் புல்லி 50 எம்.எம்.னா நிமிஷத்துக்கு 90 ஸ்ட்ரோக். எம்.எஸ். ராடுக்கு அது நல்ல வேகம். ஆனா முன்னாடி வெச்சிருந்த புண்ணியவான் அவசரத்துல 100 எம்.எம். புல்லி மாட்டிட்டார் போல. கணக்குப் போட்டா 180! பல்லு சூடேறி மழுங்காம என்ன பண்ணும்? மனப்பாடம் பண்ணின ஃபார்முலா உபயோகப்பட்ட முதல் நாள் அது.

மோட்டார் விஷயத்துல மட்டும் ஹீரோயிசம் வேணாம் ப்ளீஸ். இந்த மெஷின்கள்ல பெரும்பாலும் த்ரீ பேஸ் மோட்டார்தான் இருக்கும், வீட்டுல இருக்கறது சிங்கிள் பேஸா இருக்கலாம். அப்படின்னா சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு மாத்திக்கறது சுலபம். பழைய மோட்டாரையே ஓட்டறதா இருந்தா எலெக்ட்ரீஷியனை வெச்சு மெக்கர்ல செக் பண்ணுங்க. ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினா பிளக்கைச் சொருகவே சொருகாதீங்க. எர்த் கண்டிப்பா வேணும். பெல்ட்டுக்கு ஒரு தகர மூடியும் வேணும். துப்பட்டா, தொளதொள சட்டை, கையுறை எதுவும் ஓடற மெஷின்கிட்ட வரக்கூடாது.

பிளேடு மாட்டறதுலயும் சூட்சுமம் இருக்கு. கை ரம்பத்துல பல்லு முன்பக்கம் பார்க்கும். பவர் ஹேக்சா பல மாடல்கள்ல இழுக்கும்போதுதான் வெட்டும். எந்த ஸ்ட்ரோக்ல ஃப்ரேம் லேசா மேலே தூக்கிக்குதுன்னு கவனிங்க, அது சும்மா திரும்பற ஸ்ட்ரோக். தூக்கவே இல்லைன்னா உள்ளே ஆயில் தீர்ந்திருக்கலாம். எப்பவும் மூணு பல்லாவது இரும்புல பட்டுக்கிட்டே இருக்கணும். மெல்லிசு பைப்புக்குப் பெரிய பல்லு பிளேடைப் போட்டா, பல்லெல்லாம் பொலபொலன்னு உதிர்ந்துடும். பாதி அறுத்த வெட்டுல புது பிளேடை இறக்காதீங்க. பழசு தேஞ்சுபோய்ப் போட்ட சந்து குறுகலா இருக்கும், புதுசு சிக்கி உடைஞ்சுடும். ராடைத் திருப்பிப் போட்டுப் புதுசா ஆரம்பிங்க. பால் மாதிரி கலக்கின கட்டிங் ஆயில் ஓடிக்கிட்டே இருக்கட்டும். வார்ப்பிரும்புக்கு மட்டும் அது வேணாம்.

எல்லாம் முடிச்சு, அதே 40 எம்.எம். ராடுல மறுபடி ஒரு வில்லை அறுத்தோம். மேலே 5.1, கீழே 5.2. ஓட்டமா ஓடிப்போய் அந்த அண்ணன் கையில கொடுத்தோம். வெர்னியரைக்கூட எடுக்கலை மனுஷர். ரெண்டு விரல்ல வெச்சு உருட்டிப் பார்த்துட்டுச் சொன்னார்: "இப்பப் போய் பெயின்ட் அடிச்சுக்கங்க!"