லைசென்ஸ் கைக்கு வந்தாச்சு, வண்டி யார் கொடுப்பாங்க?

வேலை மாறி லாரி ஓட்ட வருகிறவர்களுக்குப் பயிற்சிக் கட்டணம் சின்ன செலவு. அதற்குப் பிறகு வரும் ஒரு வருஷம்தான் பெரிய செலவு.

நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் எந்த லாரி ஆபீசுக்குள் நுழைந்தாலும் முதலில் காதில் விழும் புலம்பல் “டிரைவர் கிடைக்கலைங்க” என்பதுதான். பாடி கட்டி, பெயின்ட் அடித்து, பூஜை போட்டு இறக்கிய வண்டி ஷெட்டிலேயே நிற்கிறது. டியூ மட்டும் மாதா மாதம் ஓடுகிறது. பக்கத்திலேயே பள்ளிபாளையம், குமாரபாளையம். அங்கே தறி ஓட்டிக் காது மந்தமானவர்கள், கூலி கட்டுப்படியாகாமல், “ஹெவி எடுத்துட்டா பொழச்சுக்கலாமா?” என்று டீக்கடையில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். திருப்பூரில் ஷிப்ட் குறைந்த டெய்லருக்கும், சென்னையில் கமிஷன் கட்டியே களைத்த கால் டாக்ஸிக்காரருக்கும் அதே யோசனை. ஆள் தேடும் வண்டியும் வண்டி தேடும் ஆளும் இத்தனை பக்கத்தில் இருந்தும் ஒன்று சேர மாட்டேன் என்கின்றன.

வேலை மாற நினைப்பவர் கேட்கும் முதல் கேள்வி, “எங்கே கம்மியா சொல்லித் தர்றாங்க?” கேள்வி நியாயமானதுதான். ஆனால் இவர்கள் கையிலிருக்கும் பணம் கரைவது பயிற்சிப் பள்ளியில் அல்ல, அங்கிருந்து வெளியே வந்த பிறகு.

கதவு திறந்துதான் இருக்கிறது

சட்டப்படி பெரிய தடை எதுவும் இல்லை. வயது 20 நிறைந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற விதியை 2019-ல் எடுத்துவிட்டார்கள். கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தால் டிரான்ஸ்போர்ட்டுக்கு எல்எல்ஆர் போடலாம். பலர் தடுக்கி விழுவது இந்த ஒரு வருஷத்தில்தான். பைக் லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு, இருந்த வேலையையும் விட்டுவிட்டு வந்து, ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் இதைக் கேட்டுத் திகைப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர் இன்றைக்கே கார் லைசென்ஸ் எடுத்துவிட்டு, பழைய வேலையிலேயே அந்த வருஷத்தைக் கழிப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

அரசாங்கக் கட்டணமும் அப்படியொன்றும் பயமுறுத்துவதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி எல்எல்ஆருக்கு 150 ரூபாய், ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு 300 ரூபாய், இருக்கிற லைசென்ஸில் புது வகுப்பு சேர்க்க 500 ரூபாய். சில்லறைச் செலவுகளைச் சேர்த்தாலும் ஆயிரத்தைச் சுற்றித்தான் வரும். மீதியெல்லாம் பள்ளிக்கும், நடுவில் நின்று ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்பவருக்கும் போகிற பணம்.

டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்கு டாக்டர் சான்று கட்டாயம். நாற்பதைத் தொட்டவர்கள் பள்ளியில் பணம் கட்டும் முன்பே கண்ணையும் சர்க்கரையையும் பார்த்துவிடுவது நல்லது. நிறக்குருடு இருப்பது கடைசி நாளில் தெரியவந்து, கட்டிய பணம் திரும்பாமல் போனால் யாரை நொந்துகொள்வது?

ஒரு லாரி, ஏழு பேர்

சேலம் பக்கம் ஒரு பயிற்சி மைதானம். காலை ஆறரை மணி. ஓடித் தேய்ந்த ஆறு சக்கர லாரி ஒன்று நிற்கிறது. பயிற்சியாளர் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். ஸ்டியரிங்கில் ஒருவர் இருக்க, மீதி ஆறு பேர் பின்னால் பாடியில் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார்கள். முதல் கியர், இரண்டாம் கியர், ஒரு சுற்று, டிரம் இரண்டுக்கு நடுவே ஒரு ரிவர்ஸ், இறங்கு, அடுத்த ஆள். கார் ஓட்டிப் பழகிய ஒருவர் ஒவ்வொரு திருப்பத்திலும் முன்கூட்டியே ஒடிக்கிறார். லாரியின் பின்சக்கரம் ஒவ்வொரு முறையும் ஓரக்கல்லில் ஏறி இறங்குகிறது. பின்னால் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். தங்கள் முறை வரும்போது அவர்களும் அதையேதான் செய்கிறார்கள்.

ஒரு மணி நேர வகுப்பை ஏழு பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு எட்டரை நிமிஷம். முப்பது நாளும் தவறாமல் வந்தாலும் ஒருவர் ஸ்டியரிங் பிடிப்பது நாலு மணி நேரத்துச் சொச்சம். டிரான்ஸ்போர்ட் வாகனப் பயிற்சிக்குக் குறைந்தது முப்பது நாள், அதில் உண்மையாக வண்டி ஓட்டுவது பதினைந்து மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று விதி சொல்கிறது. அந்தப் பதினைந்து எங்கே, இந்த நாலு எங்கே! அதுவும் காலி வண்டியில். இருபது டன் பாரம் முதுகில் இருக்கும்போது வண்டி எப்படி நிற்கும் என்பதை அந்த மைதானத்தில் யாரும் பார்த்ததில்லை.

இதைவிட மலிவாகவும் கிடைக்கும். மைதானத்துக்கே வர வேண்டாம், பயிற்சி முடித்ததற்கான படிவம் 5 மட்டும் கையெழுத்தாகி வரும் என்று காதோடு சொல்பவர்கள் எந்த ஊரில்தான் இல்லை? வேலை மாறுகிறவரின் அவசரத்தை அவர்கள் நன்றாகவே அறிவார்கள். சேமிப்பு கரைந்துகொண்டிருப்பவருக்கு ஒரு மாதம் மிச்சம் என்பது பெரிய தூண்டில். அதில் மாட்டியவர் வாங்குவது ஒரு காகிதம். அந்தக் காகிதம் இறக்கத்தில் பிரேக் பிடிக்காது.

காணாமல் போன கிளீனர் சீட்

முன்பெல்லாம் இந்த வட்டாரத்தில் காசு கொடுத்து லாரி ஓட்டக் கற்றவர் அபூர்வம். கிளீனராக ஏறினார்கள். கண்ணாடி துடைப்பது, டயரைத் தட்டிக் காற்று பார்ப்பது, தார்பாயை இழுத்துக் கயிறு கட்டுவது, ரிவர்ஸில் பின்னால் நின்று “வரலாம், வரலாம், ஹோல்டான்!” என்று கத்துவது. இதெல்லாம் பழகிய பிறகு, சாப்பிட நிறுத்தும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டக் கொடுப்பார் டிரைவர். பிறகு காலி வண்டியில் நேர் ரோடு. அதற்கும் பிறகுதான் பாரம். மூன்று, நான்கு வருஷம் இப்படிப் போகும். சோறும் கிடைக்கும், படியும் கிடைக்கும், சில வண்டிகளில் அடியும் கிடைக்கும். லைசென்ஸ் இல்லாத பையன் கையில் ஸ்டியரிங் கொடுப்பது சட்டத்துக்கு ஒத்த காரியமும் அல்ல. ஆனாலும் சம்பளம் கொடுத்து லாரி கற்றுத்தந்த ஒரே பள்ளிக்கூடம் அதுதான்.

அந்தப் பள்ளியை யாரும் உத்தரவு போட்டு மூடவில்லை. டீசல் விலை ஏறியது, டோல்கேட் பெருகியது, வாடகை மட்டும் அதற்கு ஈடாக ஏறவில்லை. கையை வைக்க முடிந்த ஒரே செலவு கிளீனர் படி. “அவன் படியையும் நீயே எடுத்துக்கோ, தனியா போயிட்டு வா” என்றார் முதலாளி. டிரைவருக்கும் அது லாபமாகத் தெரிந்தது. நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும், இருக்கைக்குப் பின்னால் ஒருவர் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று விதி சொன்ன காலத்திலேயே சிங்கிள் டிரைவர் வழக்கம் வேரூன்றிவிட்டது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்று 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னதை நார்த் லோடு ஓட்டும் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். இடது பக்க சீட்டில் இப்போது தண்ணீர் கேனும் துணிப்பையும் பயணம் செய்கின்றன.

இந்தச் சீட் காலியானதன் பலனை இப்போது அனுபவிப்பவர், பள்ளிபாளையத்திலிருந்து லைசென்ஸோடு வந்து நிற்கும் முப்பத்தெட்டு வயதுக்காரர். தறிப்பட்டறையை விட்டு ஹெவி எடுத்து, வேலை கேட்டு லாரி ஆபீஸ் லாரி ஆபீஸாக ஏறி இறங்கிய ஒருவர் சொன்னது இது: “மரியாதையாத்தான் உட்கார வெச்சுப் பேசுறாங்க. ‘லைசென்ஸ் இருக்குதுங்க, சரி. இதுக்கு முன்ன யாரு வண்டில ஏறியிருக்கீங்க?’ன்னு ஒரே கேள்வி. யார் வண்டியிலயும் இல்லீங்கன்னா, ‘போன் நம்பர் குடுத்துட்டுப் போங்க, கூப்பிடறோம்’கறாங்க. கூப்பிட மாட்டாங்க.” அவர் வீட்டில் வாடகை நிற்கவில்லை, பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் நிற்கவில்லை. பயிற்சிக்குக் கட்டியதைப் போலப் பல மடங்கு, சும்மா இருந்த மாதங்களில் போய்விட்டது.

முதலாளியையும் ஒரேயடியாகத் திட்டிவிட முடியாது. கடனில் வாங்கிய பல லட்ச ரூபாய் வண்டியை, நாலு மணி நேரம் ஓட்டியவர் கையில் எப்படிக் கொடுப்பார்?

தொப்பூரில் தெரியும் பாடம்

மைதானத்தில் கற்றதற்கும் ரோட்டில் வேண்டியதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் தொப்பூர் கணவாய்க்குப் போக வேண்டும். பெங்களூரிலிருந்து தருமபுரி வழியாகச் சேலம் வரும் வண்டிகளுக்கு அங்கே நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது பழைய கெட்ட பழக்கம். வண்டி வேகமெடுக்கும், பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டியிருக்கும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். ஏர் பிரேக் என்பதால் ஒவ்வொரு மிதிக்கும் டேங்கிலிருக்கும் காற்றும் செலவாகும். எஞ்சினையும் அணைத்துவிட்டால் கம்ப்ரஸர் நின்றுவிடும், பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். எந்த கியரில் ஏற வேண்டுமோ அதே கியரில் இறங்கு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்பது பழைய டிரைவர்கள் கிளீனருக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். ஸ்டார்ட் செய்ததும் கிளம்பாதே, மீட்டரில் ஏர் ஏறி பஸ்ஸர் நிற்கட்டும் என்பது அடுத்த பாடம். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வண்டி வருகிறதா என்று எங்கே நின்று பார்ப்பது, எங்கே ஒதுங்கி வழிவிடுவது என்பதெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. பக்கத்து சீட்டிலிருந்து பார்த்துத்தான் வரும்.

சிமுலேட்டர் வந்துவிட்டது, 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம், இனி புது ஆட்கள் தானாக வருவார்கள் என்று வண்டி விற்பவர்கள் சொல்கிறார்கள். வரட்டும். வந்தவர்கள் பழகுவது யார் வண்டியில்?

கையில் காசில்லாதவருக்கு உள்ள வழிகள்

ஒன்று, அரசு வழி. கும்மிடிப்பூண்டியில் அரசு சார்பில் நடக்கும் கனரக வாகன ஓட்டுநர் பயிற்சி உண்டு. திறன் மேம்பாட்டுத் திட்டங்களிலும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான திட்டங்களிலும் அவ்வப்போது இலவச இடங்கள் அறிவிக்கப்படுகின்றன. அறிவிப்பு வரும் நேரம் தெரியாது என்பதால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது. லாரி தயாரிக்கும் நிறுவனமே நடத்தும் பயிற்சி நிலையம் நாமக்கல்லில் இருக்கிறது. 2021 விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற மையங்களில் கனரகப் பயிற்சி ஆறு வாரம், 38 மணி நேரம். அங்கே தேறினால் ஆர்டிஓ முன் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. கட்டணம் கூடுதலாகத் தெரியலாம். ஸ்டியரிங் பிடிக்கும் மணிக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் மைதானத்து மலிவின் சாயம் வெளுத்துவிடும்.

இரண்டாவது, எனக்கு அதிகம் பிடித்த வழி. மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியைச் சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதி செய்தது. மினி லாரியும் குட்டி யானையும் இதற்குள் அடங்கும். காய்கறி மார்க்கெட், முட்டை லோடு, பார்சல் சர்வீஸ் என்று இந்த வண்டிகளுக்கு வேலை இருக்கிறது. ஒரு வருஷம் இதில் ஓடினால் பாரத்தோடு பிரேக் பிடிப்பது, கயிறு கட்டுவது, ரசீது பார்ப்பது, லோடு இறக்குமிடத்தில் வாய்ச்சண்டை போடாமல் கையெழுத்து வாங்குவது எல்லாம் சம்பளத்தோடு பழகும். சம்பளம் பெரிய லாரியைவிடக் குறைவுதான். ஆனால் கையிலிருந்து போகவில்லை, கைக்கு வருகிறது. அதற்குப் பிறகு ஆறு சக்கரம், பத்து சக்கரம் என்று ஏறுகிறவரிடம், “யாரு வண்டில ஏறியிருக்கீங்க?” என்று கேட்டால் சொல்ல ஒரு பெயர் இருக்கும்.

மூன்றாவது வழி இன்னும் திறக்கவில்லை. லைசென்ஸ் எடுத்த புது ஆளை ஆறு மாதம் இடது சீட்டில் படியோடு ஏற்றிக்கொள்ள லாரி உரிமையாளர்கள் முன்வர வேண்டும். தொழிற்பழகுநர் சட்டம் 1961-லிருந்தே இருக்கிறது. பழகுநருக்குத் தரும் உதவித்தொகையில் ஒரு பகுதியை அரசு ஏற்கும் திட்டம் 2016-ல் வந்தது. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவரால் தனியாக இதையெல்லாம் எழுதிக் கொடுத்து வாங்க முடியாது. ஊருக்கு ஊர் இருக்கும் உரிமையாளர் சங்கங்கள் சேர்ந்து செய்யலாம். ஒரு கிளீனர் படியை மிச்சம் பிடித்துத்தான் இன்றைக்கு ஷெட்டில் வண்டி நிற்கிறது என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியாததல்ல.

அதுவரை பயிற்சிப் பள்ளியின் வாசலில் நிற்பவர் கட்டணம் எவ்வளவு என்பதைக் கடைசியாகக் கேட்கட்டும். ஒரு வண்டிக்கு எத்தனை பேர், லோடு ஏற்றிய வண்டியில் எத்தனை மணி நேரம், முடித்த பிறகு யார் வண்டியில் ஏற்றிவிடுவீர்கள் என்பதை முதலில் கேட்கட்டும். மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயரும் போன் நம்பரும் தரும் பள்ளி, இரண்டு மடங்கு வாங்கினாலும் அதுதான் மலிவு.