மணி ஏன் அலறியது?

பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படும் குடும்பங்கள் நம்மில் அதிகம். அந்த நாட்களுக்குக் காவலாக இருக்கட்டும் என்றுதான் ஆஸ்டின் டவுனில் உள்ள எங்கள் வீட்டில் திருட்டு எச்சரிக்கை மணி பொருத்தினேன். திருடன் வரவில்லை, தெருவின் தூக்கம்தான் போயிற்று.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரே மாதத்தில் நான்கு இரவுகள் மணி அலறியது. கிட்டெல் நகர் என்று பெயர் மாறியும் நம் வாயில் ஆஸ்டின் டவுனாகவே இருக்கும் இப்பகுதியில் வீடுகள் நெருக்கமானவை. ஒரு வீட்டுக் குக்கர் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். நான்காம் முறை நாங்கள் வேலூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தோம். திரும்பியதும் எதிர்வீட்டு அம்மா சொன்னார்: "தம்பி, கோவிச்சுக்காதீங்க. இப்பல்லாம் உங்க மணி அடிச்சா யாரும் கதவைத் திறந்துகூடப் பார்க்கிறதில்லை."

'புலி வருது' கதைதான்! பொய்யாக அடிக்கும் மணி, மணியே இல்லாத வீட்டைவிட மோசம் என்று அன்று உணர்ந்தேன்.

மணி பொருத்தியவர்கள் இரண்டு முறை வந்து வாசற்கதவு சென்சாரை மாற்றினார்கள். பயனில்லை. பிறகு நானே யோசித்தேன். நான்கு இரவுகளுக்கும் பொதுவானது என்ன? நான்கிலும் கரண்ட் போயிருந்தது!

இந்தக் கருவி வேலை செய்யும் விதத்தைச் சற்றுப் பார்ப்போம். 1853இல் அமெரிக்காவில் பாஸ்டன் அருகே வாழ்ந்த அகஸ்டஸ் போப் மின்சாரத் திருட்டு மணிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் கதவைத் திறந்தால் மின்சுற்று இணைந்து மணி அடிக்கும். வயரை வெட்டிவிட்டால் மணி ஊமை. அதனால் இன்றைய வயர் இணைப்புக் கருவிகளில் பெரும்பாலும் சுற்று எப்போதும் இணைந்தே இருக்கும், அறுந்தால்தான் அலறும். வெளிச்சுவரில் உள்ள சைரன் பெட்டிகள் பலவற்றிலும் இதே தந்திரம் உண்டு. அதற்குள் தனி பாட்டரி இருக்கும். உள்ளேயிருந்து வரும் மின்சாரம் நின்றால், யாரோ வயரை வெட்டிவிட்டதாக எண்ணித் தானே அலறும்.

ஒரு ஞாயிறு காலை, அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, கருவிக்குச் செல்லும் மின்சாரத்தை அணைத்தேன். உள்ளே இருந்த 12 வோல்ட் பாட்டரியில் மல்டிமீட்டரை வைத்தேன். நல்ல பாட்டரி மணிக்கணக்கில் தாங்க வேண்டும். இதுவோ நான்கே நிமிடத்தில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது, சைரன் அலறியது. திருடனும் இல்லை, பேயும் இல்லை. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கக்கூடிய பாட்டரியை ஆறு ஆண்டுகளாக யாரும் மாற்றவில்லை. புதியது போட்டதும் தொல்லை நின்றது.

உங்கள் வீட்டு மணியும் காரணமின்றி அடித்தால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. எந்த நேரத்தில், எந்தப் பகுதியைக் காட்டி அடித்தது என்று ஒரு தாளில் குறியுங்கள். பாதி விடை அதிலேயே கிடைக்கும்.

2. கரண்ட் போகும்போது அல்லது வரும்போது அடித்தால் பாட்டரியைச் சந்தேகியுங்கள்.

3. மழையிலும் காற்றிலும் ஒரே கதவைக் காட்டினால், அங்குள்ள காந்தத்தைப் பாருங்கள். மரக்கதவு மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும். காந்தம் சற்று விலகினாலே கதவு திறந்ததாகக் கருவி நினைத்துக்கொள்ளும்.

4. அறைக்குள் நடமாட்டத்தைக் காணும் சென்சார், நகரும் வெப்பத்தைக் கவனிப்பது. கண்ணாடி மேல் ஊரும் பல்லி, உள்ளே புகுந்த எறும்பு, ஜன்னல் வெயில் எல்லாம் அதை ஏமாற்றும். துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். ஜன்னலை நோக்கி வைக்காதீர்கள்.

5. எலி கடித்த வயர், தளர்ந்த ஸ்குரூ இவற்றைக் கடைசியாகத் தேடுங்கள். வயர் இல்லாத சென்சாரானால் அதன் சிறு பாட்டரியை மாற்றிப் பாருங்கள்.

வீட்டு மின் இணைப்பு உள்ள பகுதியை எலக்ட்ரீசியனிடமே விடுங்கள். பழைய பாட்டரியில் ஈயமும் அமிலமும் உண்டு. குப்பையில் போடாமல் புதியது வாங்கும் கடையில் கொடுங்கள்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு காலை, தெருவில் சொல்லிவிட்டு மணியைச் சோதிக்கிறேன். போன முறை சொல்ல மறந்துவிட்டேன். மணி அடித்த சற்று நேரத்தில் எதிர்வீட்டு அம்மா கையில் துடைப்பத்தோடு வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்டேன். மனதுக்குள் மகிழ்ந்தேன்.