பூனை நூலை விழுங்கிவிட்டதா? இழுக்காதீர்கள்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம். சாமி படத்துக்கு மல்லிகைப்பூ தொடுத்து முடித்து, அம்மா எழுந்து போகிறார். மீதி நூல் தரையில் கிடக்கிறது. வீட்டுப் பூனைக்குட்டிக்குக் கொண்டாட்டம். உருட்டுகிறது, கடிக்கிறது, காலால் தட்டுகிறது. அம்மா திரும்பி வந்து பார்த்தால் நூலைக் காணோம். குட்டியின் வாயோரம் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஏதோ தொங்குகிறது.

“பிடிச்சு இழுத்துடும்மா” என்கிறாள் மகள்.

“எதுக்குடி இழுக்கணும்? நாளைக்குக் காலையில தானா வெளிய வந்துடும்” என்கிறார் பாட்டி.

பாட்டி சொல்வது சில பொருட்களுக்குப் பொருந்தும், நூலுக்குப் பொருந்தாது. மகள் சொல்வது எதற்குமே பொருந்தாது. இந்த வித்தியாசம் தெரியாமல் போவதால்தான் பல பூனைகள் உயிருக்கு ஆபத்தான நிலையில் மருத்துவரிடம் வந்து சேருகின்றன.

எத்தனை நாளில் வெளியே வரும்?

பூனை சாப்பிடும் உணவு செரித்துக் கழிவாக வெளியேற ஏறக்குறைய ஒரு நாள், சில பூனைகளுக்கு ஒன்றரை நாள் ஆகும். சிறியதாக, வழவழப்பாக, கூர்மை இல்லாமல் இருக்கும் பொருளும் உணவோடு சேர்ந்து இதே வழியில் வந்துவிடலாம். சட்டை பட்டன், சின்ன பிளாஸ்டிக் துண்டு போன்றவை பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் மலத்தில் வரும்.

ஆனால், எல்லாமே இப்படி நகர்ந்துவிடாது. ரப்பர் பேண்ட், தலைமுடிக்குப் போடும் ஹேர் பேண்ட் போன்றவை இரைப்பையிலேயே வாரக்கணக்கில் தங்கிவிடுவது உண்டு. பூனை நன்றாகச் சாப்பிடும். இடையிடையே வாந்தி எடுக்கும். “புல் தின்னுட்டு கக்குது”, “முடி உருண்டையா இருக்கும்” என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள். பிறகு ஒருநாள் அந்தப் பொருள் குடலுக்குள் இறங்கி, குறுகலான இடத்தில் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்குதான்.

நூல் ஏன் இவ்வளவு ஆபத்து?

பூனை நம் கையை நக்கினால் உப்புத்தாள் உரசுவதுபோல இருக்கும். அதன் நாக்கில் இருக்கும் சின்னச் சின்ன முட்கள்தான் காரணம். அவை எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அதனால் நூலின் ஒரு முனை வாய்க்குள் போய்விட்டால், பூனை நினைத்தாலும் எளிதில் துப்ப முடியாது. விழுங்கிக்கொண்டே போகும்.

அப்படிப் போகும் நூலின் ஒரு பகுதி நாக்கின் அடியில் சுற்றிக்கொள்ளும், அல்லது இரைப்பையில் சிக்கி நின்றுவிடும். மீதிப் பகுதி குடலுக்குள் நீளும். குடல் அதைத் தள்ளிப் பார்க்கும். மேலே சிக்கியிருப்பதால் நூல் நகராது. பாவாடை நாடாவை இறுக்கினால் துணி எப்படிச் சுருங்கிக் கூடுகிறதோ, அப்படியே குடல் நூலின் மேல் சுருங்கிக் கூடும். இறுகிய நூல், குடல் சுவரை உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். ஓட்டை விழுந்தால் குடலில் இருப்பவை வயிற்றுக்குள் கசிந்து கிருமித்தொற்று பரவும். அதுதான் உயிரைப் பறிக்கிறது.

வாயிலோ ஆசனவாயிலோ தொங்கும் நூலைப் பிடித்து இழுத்தால் இதே அறுப்பு ஒரே நொடியில் நடந்துவிடும். வீட்டில் இழுக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். எங்கே, எப்படி வெட்டுவது என்பதை மருத்துவர் பார்த்து முடிவு செய்வார்.

பூத்தொடுக்கும் நூல் மட்டுமல்ல. தையல் நூல், கிஃப்ட் ரிப்பன், ஜரிகை, சுடிதார் நாடா எல்லாம் இந்த வகைதான். ஹோட்டல் பார்சலைக் கட்டிய நூல் இன்னும் மோசம். அதில் மீன் குழம்பு வாசனை வேறு இருக்கும்!

காத்திருக்கவே கூடாதவை

நூல், ஊசி, தூண்டில் முள், பட்டன் பேட்டரி, காந்தம், மாத்திரை. இவற்றில் எதை விழுங்கியிருந்தாலும் அறிகுறி தெரியும்வரை பொறுக்கக் கூடாது. உடனே கிளம்ப வேண்டும். பட்டன் பேட்டரி சில மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

என்ன விழுங்கியது என்றே தெரியாவிட்டாலும், கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

• திரும்பத் திரும்ப வாந்தி, குடித்த தண்ணீரும் வெளியே வருவது
• சாப்பிட மறுப்பது
• வாயில் எச்சில் வடிவது, முன்னங்காலால் வாயைத் தேய்ப்பது
• வயிற்றைத் தொட்டால் சீறுவது
• முக்கியும் மலம் வராமல் இருப்பது
• கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வது

வலியை மறைப்பதில் பூனை கெட்டிக்காரி. சும்மா சோர்ந்து படுத்திருப்பதுகூட ஒரு அறிகுறிதான்.

வீட்டு வைத்தியம் வேண்டாம்

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, விளக்கெண்ணெய் புகட்டுவது இரண்டுமே பூனைக்கு ஆபத்து. வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடக் கூடாது. பூனைக்கு அது விஷம். பட்டினி போட்டுப் பார்ப்பதும் தவறு. பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரல் பாதிக்கப்படும்.

சின்ன, ஆபத்தில்லாத பொருள்தான் என்றால், மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொண்டு, பூனையை வெளியே விடாமல் வீட்டுக்குள்ளேயே வைத்துக் கவனிக்கலாம். மணல் தட்டில் போகும் மலத்தைக் கையுறை போட்டுக்கொண்டு கிளறிப் பார்க்க வேண்டும். மூன்று நாளாகியும் பொருள் வரவில்லை என்றால், பூனை துள்ளி விளையாடினாலும் எக்ஸ்-ரே எடுத்துவிடுவது நல்லது.

மருத்துவரிடம் போகும்போது, விழுங்கிய பொருளைப் போன்ற இன்னொன்றைக் கையோடு எடுத்துப் போகலாம். எப்போது விழுங்கியது, எவ்வளவு நீளம் என்பதையும் சொல்ல வேண்டும். உலோகமும் எலும்பும் எக்ஸ்-ரேயில் பளிச்சென்று தெரியும். நூலும் பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் தெரியாது. ஸ்கேன் தேவைப்படலாம். பொருள் இரைப்பையில் இருக்கும்போதே போய்விட்டால், அந்த வசதி உள்ள இடங்களில் எண்டோஸ்கோப்பி மூலம் வயிற்றைத் திறக்காமலே எடுக்க வாய்ப்பு உண்டு. குடலுக்குள் இறங்கிவிட்டால் அறுவை சிகிச்சைதான். நூல் என்றால் குடலில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் திறக்க வேண்டியிருக்கும். ‘ஒருநாள் பார்க்கலாம்’ என்று இருப்பதன் விலை இதுதான்.

ஒருமுறை விழுங்கிய பூனை மறுபடியும் விழுங்கும். பூ தொடுத்து முடித்ததும் மிச்ச நூலை மூடி போட்ட டப்பாவில் போட்டு வைக்கவும், பார்சல் நூலை மூடியுள்ள குப்பைக்கூடையில் போடவும் ஒரு நிமிடம்கூட ஆகாது.