ஓராண்டு வாரண்டி, ஒன்றரை ஆண்டு பேட்டரி

ராயகிரியில் ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் கையில் மூன்று பொருள் இருக்கும்: மண்வெட்டி, டார்ச் லைட், பாட்டுப் பெட்டி. மூன்றாவது பொருள் வெறும் பொழுதுபோக்குக்கு இல்லை. மேற்கே மலை. பயிர் முற்றும் காலத்தில் மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கும். ஆள் சத்தம் கேட்டால் அது கொஞ்சம் யோசிக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அதனால் வரப்பில் ஒரு கம்பு நட்டு, அதில் பெட்டியைத் தொங்கவிட்டு, விடிய விடியப் பாடவிடுவார்கள். பன்றிக்கும் பாட்டு பழகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. அது வேறு கதை.

போன ஆடியில் எங்கள் வயலில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று, நான் சென்னையிலிருந்து அப்பாவுக்கு வாங்கி வந்த புளூடூத் ஸ்பீக்கர். பெயர் பெற்ற கம்பெனி, நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய், அட்டைப்பெட்டி மேல் தண்ணீர்த் துளி படம், ஓராண்டு வாரண்டி. இன்னொன்று, குற்றால சீசனில் அருவிக்குப் போகிற வழியில் தார்ப்பாய் விரித்த கடையில் சித்தப்பா நானூறு ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கிய எஃப்.எம். பெட்டி. மெமரி கார்டும் போடலாம், பென் டிரைவும் சொருகலாம். வாரண்டி உண்டா என்று கேட்டதற்கு, "கடைய விட்டு இறங்குத வரைக்கும் உண்டு அண்ணாச்சி" என்றாராம் கடைக்காரர்.

இந்த ஆடியில் பாடிக்கொண்டிருப்பது அந்த நானூறு ரூபாய்ப் பெட்டிதான்.

மலிவுச் சரக்கே மேல் என்று நான் சொல்ல வருவதாக நினைத்துவிட வேண்டாம். அதன் சத்தம் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போலிருக்கும். கூடவே கொடுத்த சார்ஜர் தொட்டால் சுட்டது. அதை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டோம். அது உயிரோடு இருப்பதற்கு ஒரே காரணம், அதன் முதுகுப் பக்கத்து மூடியை நகத்தால் தள்ளினால் திறக்கும். உள்ளே இருப்பது பி.எல்.-5சி பேட்டரி. சிவகிரியிலோ புளியங்குடியிலோ எந்த செல்போன் கடையில் கேட்டாலும் கிடைக்கும்.

இந்த பி.எல்.-5சி யாருக்கும் புதிதில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் பாதி இந்தியாவின் சட்டைப் பையில் இருந்த நோக்கியா போன்களுக்காகச் செய்யப்பட்டது. 2007 ஆகஸ்டில் இதே பேட்டரிதான் தலைப்புச் செய்தியானது. 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையில் மட்சுஷிதா நிறுவனம் செய்து கொடுத்தவற்றில் சில, சார்ஜ் ஏறும்போது சூடேறுவதாகக் கண்டு, 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகளுக்கு நோக்கியா எச்சரிக்கை விடுத்தது. கேட்டவர்களுக்கு இலவசமாக மாற்றிக் கொடுத்தது. பேட்டரியில் அச்சடித்த எண்ணைப் பார்த்துப் பார்த்து ஊரே பயந்த நாட்கள் நினைவிருக்கலாம். அந்தப் போன்கள் போய்விட்டன. பேட்டரியின் அளவு மட்டும் ஊர்ப் பொதுச்சொத்து மாதிரி நின்றுவிட்டது. சீனத்து எஃப்.எம். பெட்டிக்காரர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். மூடியைத் திறந்து மாற்ற முடிகிற பேட்டரி என்பதால்தான் அன்றைக்குக் கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுக்க முடிந்தது. இதே கோளாறு ஒட்டி மூடிய கருவியில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒட்டி மூடுகிற பழக்கம் எங்கே பெரிய சண்டையானது என்றால், பாட்டுப் பெட்டியில்தான். ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் 2001 அக்டோபரில் வந்தது. ஆயிரம் பாட்டு சட்டைப் பையில் என்று உலகம் வாயைப் பிளந்தது. 2003இல் நியூயார்க்கில் நீஸ்டாட் என்ற அண்ணன் தம்பி இருவர், தங்கள் ஐபாடின் பேட்டரி ஒன்றரை வருஷத்தில் செத்துவிட்டது, மாற்ற வழியில்லை என்று ஒரு சின்னப் படம் எடுத்து வெளியிட்டார்கள். தெருவில் ஒட்டியிருந்த ஐபாட் விளம்பரங்கள் மேலேயே, இதன் பேட்டரி 18 மாதம்தான் என்று வண்ணம் தெளித்துக்கொண்டு போகிறார்கள் அந்தப் படத்தில். அதே சமயத்தில் 99 டாலருக்கு பேட்டரி மாற்றித் தரும் திட்டத்தை ஆப்பிள் அறிவித்தது. வழக்கும் நடந்தது. 2005இல் சமரசமாகி, முதல் மூன்று தலைமுறை ஐபாட் வாங்கி பேட்டரியால் அவதிப்பட்டவர்களுக்கு 50 டாலர் சலுகைச் சீட்டு கிடைத்தது. ஐபாட் வகையே 2022 மே மாதத்தோடு நின்றுபோனது. ஒட்டி மூடுகிற பழக்கம் நிற்கவில்லை.

பதினெட்டு மாதம் என்ற கணக்கு யாரும் சதி செய்து வைத்ததில்லை. அது லித்தியம் பேட்டரியின் ஜாதகம். முழுதாக ஏற்றி முழுதாக இறக்கினால் ஒரு சுற்று. முன்னூறிலிருந்து ஐந்நூறு சுற்றுக்குள் அதன் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. தினம் ஒரு சுற்று என்றால் ஐந்நூறு நாள், அதாவது ஏறக்குறைய ஒன்றரை வருஷம். இது குளிர்ச்சியான அறையில் வைத்துப் பழகினால். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மோட்டார் ரூம் தகரக் கூரைக்குக் கீழே, டிராக்டர் சீட்டில், பைக் பெட்டிக்குள் கிடந்தால் அதற்கு முன்பே தளர்ந்துவிடும். சூடுதான் அதற்கு முதல் எமன். இந்தக் கணக்கையும் வாரண்டி அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கருவிக்கு ஒரு வருஷம். பல அட்டைகளில் பேட்டரிக்கு மட்டும் தனியாக ஆறு மாதம். வயர், சார்ஜர் போன்றவற்றுக்கு அதுவும் இராது. முதலில் கெடப்போவது எதுவோ அதற்குத்தான் நாள் குறைவு.

முன்பு எங்கள் வீட்டில், ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. கடையநல்லூர்ப் பக்கம் வளைகுடாவுக்குப் போய் வந்த உறவுக்காரர் ஒருவரிடம் அப்பா விலைக்கு வாங்கியது. அதற்கு இந்தியாவில் வாரண்டியும் கிடையாது, கம்பெனி ஆபீஸும் கிடையாது. பாட்டு இழுத்தால் பெல்ட் தளர்ந்திருக்கும். மெக்கானிக் புது பெல்ட் மாட்டுவார். சத்தம் மங்கினால் ஹெட்டில் அழுக்கு. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க நானே பழகியிருந்தேன். நாடா வெளியே வந்தால் பென்சிலை விட்டுச் சுற்றுவோம். கேசட்டுக்குள் பூஞ்சை பிடித்தால் மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. சாரல் மாதங்களில் அப்படிச் சில நல்ல கேசட்டுகள் போயின. கையில் கொண்டுபோகிற கேசட் பெட்டியும் இப்படித்தான். சோனி தன் முதல் வாக்மேனை 1979 ஜூலையில் 33,000 யென் விலைக்கு விட்டது. அதற்கும் வேண்டியது இரண்டு சாதாரண பேட்டரிதான், பெட்டிக்கடையில் கிடைத்தது. அந்தக் காலத்துக் கருவிகள் கெடாதவை என்று சிலர் கொண்டாடுவது பொய். அவை ஓயாமல் கெட்டன. சரிசெய்ய முடிந்தது, அவ்வளவுதான்.

இப்போது என் ஸ்பீக்கர் கதை. எட்டாம் மாதம் சார்ஜ் ஏறவில்லை. வாரண்டி இருக்கிறதே என்று அப்பாவுக்குத் தெம்பு. கம்பெனியின் சர்வீஸ் சென்டர் மதுரையில். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், திருமங்கலம் என்று பஸ்ஸில் போய்ச் சேர அரை நாள். அங்கே இருந்த பையன் திறந்து பார்த்துவிட்டு, "உள்ள பச்சை பூத்திருக்கு சார். தண்ணி பட்டது வாரண்டியில வராது" என்றான். அட்டைப்பெட்டியில் தண்ணீர்த் துளி படம் போட்டிருக்கிறதே என்றேன். அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் ஒரு வரியைக் காட்டினான். திரவம் பட்ட சேதம் நீங்கலாக என்றிருந்தது. படம் ஒரு பக்கம், வரி மறு பக்கம்.

தண்ணீர்த் துளி படத்துக்கு என்ன அர்த்தம் என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். ஐ.பி.எக்ஸ் 7 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடுதல் வராது என்று சோதித்திருக்கிறார்கள். சோதித்தது புதுக் கருவியை, சார்ஜர் துளையின் ரப்பர் மூடி இறுக்கமாக இருந்தபோது. தினமும் திறந்து மூடி எட்டு மாதத்தில் அந்த ரப்பர் தொளதொளத்துவிட்டால் படம் மட்டும்தான் மிச்சம். எங்கள் ஊருக்கு அருவி வேண்டாம். ஆடிச் சாரலின் ஈரக் காற்றே போதும்.

முன்னூறு ரூபாய் கொடுத்துச் சரிசெய்து வந்தேன். பஸ் செலவு, சாப்பாடு, ஒரு நாள் வேலை தனி. பதினாலாம் மாதம் பேட்டரி போனது. பசை போட்டு ஒட்டிய பெட்டி. "திறந்தா உடைஞ்சிரும் தம்பி. பிறகு என்னையச் சொல்லுவீய" என்று சிவகிரி மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா கேட்டது ஒன்றுதான்: "அந்த வாரண்டிங்கது நமக்கா, அவனுக்கா?"

சட்டம் நம் பக்கம் இல்லாமலில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் கொடுக்காமல் இருப்பதையே நேர்மையற்ற வணிகம் என்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே வகைதான். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று கல்லாவுக்கு மேல் எழுதி வைத்திருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராமல் கேடு விளைந்தால் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கவும் அதில் தனி அத்தியாயம் உண்டு. ராயகிரிக்காரருக்கு அதில் முக்கியமான வரி வேறொன்று: நாம் குடியிருக்கிற இடத்துக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கிற ஊருக்கு ஓட வேண்டியதில்லை. ஐந்து லட்ச ரூபாய் வரை கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம். வழக்குக்குப் போகும் முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம். நாலாயிரம் ரூபாய் ஸ்பீக்கருக்கு வழக்கா என்று சிரிப்பவர்களுக்கு என்ன சொல்வது? நூறு பேர் அப்படிச் சிரிப்பதுதான் அந்தப் பொடி எழுத்துக்குத் தைரியம்.

வெளிநாட்டில் காற்று கொஞ்சம் மாறி அடிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், சில விதிவிலக்கு நீங்கலாக, கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அங்கே பொருளுக்குச் சட்டப்படியான உத்தரவாதமே குறைந்தது இரண்டு வருஷம். நம் மத்திய அரசு 2022 டிசம்பர் 24ஆம் தேதி, தேசிய நுகர்வோர் நாளன்று, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. கம்பெனிகள் உதிரிபாகம், கையேடு, சர்வீஸ் சென்டர் விவரங்களை அதில் தர வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஆரம்பம். கட்டாயச் சட்டமாகும் வரை அது ஆரம்பம்தான்.

பெற்றோருக்குப் பாட்டுப் பெட்டி வாங்கித் தருவது இப்போது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பழைய எச்.எம்.வி. இசைத்தட்டுக் கம்பெனியின் வாரிசான சரிகம, 2017இல் ஐயாயிரம் பாட்டை உள்ளேயே வைத்து 5,990 ரூபாய்க்கு ‘கார்வான்’ பெட்டியை விற்கத் தொடங்கிய பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அது ஒரு பரிசுப் பொருள். எந்தக் கம்பெனிப் பெட்டியானாலும் வாங்கும்போது பாட்டு எத்தனை என்று கேட்கிறோம். பேட்டரி போனால் யார் மாற்றுவார், எந்த ஊரில், எவ்வளவு ஆகும் என்று கேட்பதில்லை. கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால் அதுவே பதில். அட்டைப்பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், வருஷம், புகார் சொல்ல வேண்டிய தொடர்பு எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. முகவரி இல்லாத பெட்டிக்கு வாரண்டி என்று எத்தனை வருஷம் போட்டிருந்தாலும் அதை எங்கே கொண்டுபோய்க் கேட்பது? குற்றாலத்துத் தார்ப்பாய்க் கடைக்காரர் அந்த விஷயத்தில் யோக்கியர். உள்ளதைச் சொன்னார்.

இதை எழுத உட்காரும்போது, மதுரையில் தண்ணீர் என்று சொல்லி மறுத்தார்களே, இரண்டு வருஷம் இன்னும் முடியவில்லையே, 1915க்குப் பேசினால் என்ன என்று தோன்றியது. டிரங்குப் பெட்டியைத் திறந்து வாரண்டி அட்டையை எடுத்தேன், கடை முத்திரையோடு பத்திரமாக இருந்தது. அதற்குள் மடித்து வைத்திருந்த பில்லை விரித்தேன். சூட்டில் அச்சாகும் அந்த வழுவழுத் தாள் வெறும் வெள்ளையாக இருந்தது. தேதி, தொகை, கடைப் பெயர் ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டுப் பில்லில் எழுத்து இன்னும் மிச்சம் இருந்தால், இன்றைக்கே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.