உம்மா தின்ற கருவாடும் ஒரு கலத்தின் மறதியும்

உயர்தர உயிரியல் வகுப்பு முடிந்ததும் மாணவி ஒருத்தி தயங்கி நின்றாள். "சேர், உம்மாட தைரொயிட் புற்றுநோய்க்குக் குடுத்த அயடீன் பிடிக்கல்லயாம். மருந்துக்கு முந்தி ஒருநாள் கருவாடு தின்டதாலதான் எண்டு உம்மா அழுகிறா. உண்மையா?"

இலங்கைப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் கண்டறியப்படுவது தைரொயிட் புற்றுநோய். பெரும்பாலானோர் சத்திரசிகிச்சையாலும், தேவைப்பட்டால் கதிரியக்க அயடீனாலும் சுகமடைகின்றனர். சிலரில் மட்டும் அந்த அயடீன் கலத்துக்குள் நுழைவதே இல்லை.

ஏன்? நமது கலங்கள் அனைத்திலும் ஏறக்குறைய ஒரே டீ.என்.ஏ.தான். ஈரல் ஈரலாகவும் தைரொயிட் தைரொயிட்டாகவும் இருப்பது, எந்தப் பரம்பரையலகை வாசிப்பது என்று தீர்மானிக்கும் புரதங்களால். இவையே பிரதியெடுப்புக் காரணிகள். (பாடப்புத்தகத்தில் மாணவர்கள் மனனம் செய்துவிட்டு மறக்கும் பகுதி இது.) பாக்ஸ்-8, டீ.டீ.எஃப்-1, ஃபொக்ஸ்-ஈ1 ஆகியன தைரொயிட் கலத்தில் சேர்ந்து இயங்குகின்றன. அயடீனை உள்ளே இழுக்கும் என்.ஐ.எஸ். என்ற 'வாயில்' புரதம் உருவாக பாக்ஸ்-8 அவசியம். கதிரியக்க அயடீன் புற்றுநோய்க் கலத்துக்குள் போவதும் அதே வாயிலால்தான்.

பப்பிலரி வகைப் புற்றுநோய் உள்ள பலரில் பிராஃப் என்ற பரம்பரையலகில் விகாரம் காணப்படுகிறது. அப்போது "பிரிந்து பெருகு" என்ற சமிக்ஞை ஓயாமல் ஒலிக்கும். அந்த இரைச்சலில் பாக்ஸ்-8 போன்றவற்றின் வேலை தளர்ந்து, வாயில் புரதம் குறைகிறது. கலம் தன்னைத் தைரொயிட் என்பதையே மறந்துவிடுகிறது எனலாம்.

ஆனால் வாயிலுக்கான பரம்பரையலகு தொலையவில்லை, வாசிக்கப்படாமல் கிடக்கிறது, அவ்வளவுதான். 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அயடீன் பலிக்காத 20 பேருக்கு, அந்தச் சமிக்ஞையைத் தடுக்கும் செலுமெடினிப் என்ற மருந்தைக் கொடுத்தனர். 12 பேரில் அயடீன் உள்ளெடுப்பு கூடியது. 8 பேருக்கு மீண்டும் கதிரியக்க அயடீன் கொடுக்க முடிந்தது; அவர்களில் 5 பேரின் கட்டிகள் கணிசமாகச் சுருங்கின. சிறிய ஆய்வுதான், இன்னும் வழமையான சிகிச்சையாகவும் ஆகவில்லை.

சிகிச்சைக்கு முந்திய உணவுக் கட்டுப்பாடு அவசியமே. உணவிலுள்ள அயடீன் மருந்துடன் போட்டியிடும். ஆனால் ஒரு துண்டுக் கருவாடு பாக்ஸ்-8ஐ முடக்காது. மறுநாள் கரும்பலகையில் கலத்தை வரைந்து இதை அவளுக்கு விளக்கினேன். பிராஃப் விகாரம் பரிசோதிக்கப்பட்டதா என்று வைத்தியரிடம் கேட்கும்படி உம்மாவிடம் சொல்லச் சொன்னேன்.