பதினேழு கற்கள்

கைக்கடிகாரம் சேகரிப்போர் செல்வந்தர் என்றே பலர் எண்ணுவர். எங்கள் கடியப்பட்டணத்தில் அப்படியன்று. கடலுக்குப் போகையில் ரப்பர் வார் போட்ட குவார்ட்ஸ் கடிகாரம், ஞாயிறு பூசைக்கு எச்.எம்.டி. ஜனதா, கல்யாண வீட்டிற்கு வளைகுடாவிலிருந்து வந்த சீக்கோ 5. ஒரு வீட்டில் இம்மூன்றும் இருந்தால் அதுவே சேகரிப்பு. நண்பர்கள் கூடினால் ஒருவர் கடிகாரத்தை மற்றவர் வாங்கிக் காதில் வைத்துப் பார்ப்பதுண்டு.

அந்த ஒலி எவ்வாறு எழுகிறது? ஜனதாவுக்குச் சாவி கொடுத்தால் சுருள்வில் இறுகுகிறது. அது விரியும் விசையால் பற்சக்கரங்கள் சுழல, ஒரு சிறு நெம்புகோல் அவற்றை மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு 5 முறை, தடுத்து விடுவிக்கிறது. அதுவே 'டிக் டிக்'. முகப்பில் குறிக்கப்படும் 17 கற்கள் அலங்காரத்திற்கு அல்ல. உராய்வையும் தேய்மானத்தையும் குறைக்கும் செயற்கை மாணிக்கங்கள் அவை. குவார்ட்ஸ் படிகமோ நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது; ஆகவே துல்லியம் மிகுதி.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையுடன் 1961-இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. கடிகார உற்பத்தி நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்தது.  ஜனதாவைச் செப்பனிடத் தெரிந்தோர் குறைந்து வருகின்றனர்.

உப்புக்காற்று எஃகைத் துருவேற்றும். பெட்டியில் பூட்டி வைத்தாலும் உள்ளிருக்கும் எண்ணெய் உலர்ந்து கெட்டிப்படும். எனவே நம் தந்தையர் சிறுகச் சேர்த்து வாங்கிய கடிகாரங்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை துப்புரவு செய்து, எண்ணெயிட்டு, நாமே அணிவோமாக. பழுதுபார்க்கும் கைகள் இருக்கும்போதே அதைச் செய்துவிடுதல் நலம்.