முதல் ரசிகர்கள் மாடுகள்

ராத்திரி இரண்டு மணி. டெக்சாஸிலிருந்து கன்சாஸ் ரயிலடிக்கு ஓட்டிப் போகிற 2,000 மாடுகள் வெட்டவெளியில் படுத்து அசைபோடுகின்றன. வேலி கிடையாது. குதிரைமேல் இரண்டே காவலாட்கள்; ஒருவர் இடமாகவும் மற்றவர் வலமாகவும் மந்தையைச் சுற்றி வருகிறார்கள். ஒரு சுள்ளி முறிந்தால் போதும், தூரத்தில் மின்னல் வெட்டினால் போதும், அத்தனை மாடும் ஒரே உடம்பாக எழுந்து மிரண்டு ஓடும். குறுக்கே அகப்பட்டால் குதிரையும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சமாட்டான்.

அதனால் பாடினார்கள். இருட்டில் நகர்வது தெரிந்த ஆள்தான் என்று மாட்டுக்குத் தெரிய வேண்டும். குதிரை நடக்கும் வேகம்தான் தாளம். தெரிந்த பாட்டு தீர்ந்தால் சர்ச்சில் கேட்டது. அதுவும் தீர்ந்தால் வாயில் வந்த வசவையே நீட்டி ராகம் போட்டார்கள். மாடு அர்த்தம் கேட்பதில்லை.

கன்சாஸின் அபிலீனில் மாட்டுச் சந்தை தொடங்கியது 1867இல். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் முள்வேலியும் ரயில் பாதைகளும் பெருகி அந்த நெடும்பயணத்தை முடித்துவைத்தன. சினிமா நமக்குக் காட்டிய கௌபாய் துப்பாக்கியும் கையுமாக நிற்கும் வெள்ளைக்காரன். நிஜத்தில் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர்கள் ‘வக்கேரோ’ என்ற மெக்சிகோ மாட்டுக்காரர்கள். நெவாடாவில் இன்றும் புழங்கும் ‘பக்கரூ’, அந்தச் சொல் வாய்மாறி வந்ததுதான். கறுப்பின ஆட்களும் ஏராளம்.

பயணம் நின்றபின் பாட்டு நிற்கவில்லை. குளிர்காலத்தில், ஆட்கள் படுக்கும் கொட்டகையில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சொல்லும் கவிதையாக அது வளர்ந்தது. முரட்டுக் குதிரை, செத்துப்போன கூட்டாளி, மோசமான சமையல்காரன் என்று எதைப் பற்றியும் இருக்கலாம். எதுகையும் சந்தமும் கெட்டியாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் மனசில் நிற்காது. பார்த்துப் படிப்பவரைவிட ஒப்பிப்பவருக்குத்தான் அங்கே மதிப்பு.

வாயில் வாழும் கவிதையில் எழுதியவர் பெயர் சீக்கிரம் உதிர்ந்துவிடும். ஜாக் தோர்ப் என்பவர் குதிரையேறி அலைந்து பாட்டுகளைச் சேகரித்து, 1908இல் நியூ மெக்சிகோவில் சின்னப் புத்தகமாக அச்சடித்தார். 23 பாட்டு. அதில் தான் கட்டிய பாட்டையும் பெயர் போடாமலே சேர்த்தார்! பேட்ஜர் கிளார்க் எழுதிய கௌபாய் பிரார்த்தனை, ‘எழுதியவர் தெரியவில்லை’ என்ற குறிப்போடு தபால் அட்டைகளில் ஊர் ஊராகப் போனது. அவரோ பின்னாளில் தெற்கு டகோட்டாவின் அரசவைக் கவிஞரானவர். இப்படிப் பெயரில்லாமல் ஊர் சுற்றுவதைவிடப் பெரிய பாராட்டு ஒரு கவிஞனுக்குக் கிடைக்காது என்பேன், ராயல்டிதான் போச்சு.

1985 ஜனவரியில், ஹால் கேனன் முதலான நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் இப்படி ஒப்பிப்பவர்களைத் தேடிப் பிடித்து, நெவாடாவின் எல்கோ என்ற சிறுநகரில் கூட்டினார்கள். ஏன் ஜனவரி? பனிக்காலத்தில்தான் பண்ணையில் வேலை கொஞ்சம் குறைவு. அன்று தொடங்கிய கூட்டம் ஆண்டு விழாவாகவே நிலைத்துவிட்டது. 2000இல் அமெரிக்க செனட் ‘தேசிய’ என்ற அடைமொழியையும் கொடுத்தது.

அந்த மேடைகளில் புகழ்பெற்ற கவிதை ஒன்று, மொன்டானா பண்ணைக்காரர் வாலஸ் மெக்ரே எழுதியது. தலைப்பு ‘மறுபிறவி’. ஏழு பிறவி பேசும் நமக்கு இது சுவாரசியம். செத்தவனைப் புதைத்த இடத்தில் புல்லும் பூவும் முளைக்கின்றன. பூவைக் குதிரை தின்கிறது. மிச்சம் சாணமாக விழுகிறது. அதைப் பார்க்கிற சிநேகிதனுக்கு, செத்தவன் அப்படியொன்றும் மாறிவிட்டதாகத் தோன்றவில்லை. இதைச் சிரிக்காமல் சொல்வதில்தான் வித்தை இருக்கிறது.

எல்கோவில் அடிக்கடி ஒலிக்கும் இன்னொரு பெயர் புரூஸ் கிஸ்காடன். இளவயதில் மாடு மேய்த்தவர். பிறகு பிழைப்புக்காக லாஸ் ஏஞ்சலஸ் ஓட்டலில் பெட்டி தூக்கும் வேலைக்குப் போனார். மணி அடித்தால் எழுந்து ஓட வேண்டிய உத்தியோகம். கவிதையும் எழுதிக்கொண்டிருந்தார். மாட்டுச் சந்தை நிறுவனம் ஒன்று தன் மாதக் காலண்டரில் படத்தோடு அவற்றை அச்சிட்டது. 1950இல் அவர் இறந்தார். நேரில் அவரைப் பார்த்தேயிராத பண்ணையாட்கள் இன்றும் தொப்பியைக் கழற்றாமல் மேடையேறி, கையில் தாளில்லாமல் அந்த வரிகளைச் சொல்கிறார்கள்.